லைசென்சுக் கட்டணம் எதற்காக?

(அங்கத்தினர் படிப்பு வட்டங்களுக்குரிய பாடம்)

வாணியம்பாடிப் பக்கத்தில் கத்தரியும் தக்காளியும் பயிரிட்டுச் சந்தைக்குக் கொண்டு செல்லும் உழவரும், ஆம்பூரில் தோல் பதனிடும் சாலைகளிலிருந்து கழிவுச் சதையை வாங்கிக் கொழுப்பு உருக்குபவரும், குடியாத்தத்தில் நூலுக்குச் சாயம் தோய்க்கும் நெசவாளரும் தொழிலால் வேறுபட்டவர்கள். ஆயினும் மூவர் மனத்திலும் ஒரே கேள்வி உண்டு. “லைசென்சு என்றும், சந்தைக் கட்டணம் என்றும், இசைவுக் கட்டணம் என்றும் வாங்கப்படும் இந்தப் பணம் எதற்காக? இதைக் கட்டுவதால் யாருக்கு என்ன பயன்?” என்பதே அக்கேள்வி.

நம்மில் பலர் “எல்லாம் வரிதான்” என்று சொல்லி அமைந்துவிடுகின்றனர். அவ்வாறு அமைவது நமக்கு நஷ்டம். இப்பணம் பல வகைப்படும். எந்த வகை என்று அறிந்தால்தான் அதற்கு ஈடாக எதைக் கேட்கலாம், யார் கேட்கலாம் என்பது விளங்கும். பாலாற்றங்கரை மக்கள் இதை அறியாதிருந்ததனால் நேர்ந்த துன்பம் சிறிதன்று. ஆகவே இம்மாதம் இதனையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1. மூவகைப் பணம்

ஒரு கிராமத்தை எண்ணிப் பாருங்கள். ஊர்ப் பொதுச் செலவுக்கென்று வீடுதோறும் ஒரு தொகை வசூலிக்கப்படுகிறது. கொடுத்தவருக்குத் தனியாக எதுவும் திரும்பக் கிடைப்பதில்லை. ஊருக்குப் பொதுவான நன்மை உண்டு. இது வரி போன்றது. அடுத்து, நம் மூட்டையை எடை போடுபவருக்குக் கூலி கொடுக்கிறோம். அவர் நமக்கு ஒரு வேலை செய்கிறார். அதற்கு நாம் பணம் தருகிறோம். இது சேவைக் கட்டணம். மூன்றாவதாக, மாடு வைத்திருப்பவர்கள் ஊர்க் காவலுக்கு ஒரு தொகை தருவதாக வைத்துக்கொள்வோம். காவற்காரர் அவர்களுடைய மாட்டுக்குத் தீனி போடுவதில்லை. அயலார் பயிரில் அது மேயாதபடி பார்த்துக்கொள்கிறார். பணம் கொடுப்பவர் மாட்டுக்காரர். பயன் அடைபவர் பயிர்க்காரர். கட்டுப்பாட்டு லைசென்சுக்குரிய கட்டணம் இவ்வகையைச் சேர்ந்தது.

வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேற்றுமையை நமது உச்ச நீதிமன்றம் 1954-ஆம் ஆண்டில் சீரூர் மடத்து வழக்கில் தெளிவாக எடுத்துரைத்தது. அவ்வழக்குச் சென்னை மாகாணத்திலிருந்து சென்றதே. 1951-ஆம் ஆண்டின் இந்து அறநிலையச் சட்டத்தின்படி மடங்களிடமிருந்து கேட்கப்பட்ட தொகை, பெயரளவில் எப்படியிருப்பினும், செய்யப்படும் சேவையோடு தொடர்புபடுத்தப்படாமையால் வரியே ஆகும் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. கட்டணம் என்று பெயரிட்டு வாங்கினால் அதற்கு ஈடாக ஏதேனும் செய்தாக வேண்டும் என்பது இதன் கருத்து. கட்டுப்பாட்டு லைசென்சைப் பொறுத்தவரை, கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ஈடான சேவையைக் காட்ட வேண்டியதில்லை என்று பிற்காலத் தீர்ப்புகள் கூறின. ஆனால் தொகை அளவுக்கு மிஞ்சியதாய் இருத்தல் கூடாது என்றும் அவை சொல்லின.

2. சந்தைக் கட்டணம்

ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகள் இந்நாட்டில் பருத்திக்காகவே முதலில் தோன்றின. பேரார்ப் பகுதியிலுள்ள காரஞ்சாவில் 1886-ஆம் ஆண்டில் இத்தகைய சந்தை அமைந்தது. விவசாயம் பற்றி ஆராய்ந்த ராயல் கமிஷன் 1928-ஆம் ஆண்டில் இம்முறையை நாடெங்கும் பரப்ப வேண்டுமென்று கூறிற்று. சென்னை மாகாணத்தில் 1933-ஆம் ஆண்டில் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் நிறைவேறியது.

அதற்கு முன்னிருந்த நிலைமை நம் முதியோருக்குத் தெரியும். மண்டிக்குச் சென்ற உழவரின் பணத்தில் தரகு ஒரு பங்கு, எடைகூலி ஒரு பங்கு, மகமை ஒரு பங்கு, மாதிரி பார்ப்பதாகச் சொல்லி அள்ளிய சரக்கு ஒரு பங்கு என்று பிடித்தம் போயிற்று. விலை பேசுவதோ துணிக்குக் கீழே விரல் தொட்டு. விற்றவருக்கே விலை தெரியாத சந்தை அது.

இச்சட்டத்தின்படி லைசென்சு பெறவேண்டியவர்களாகிய வியாபாரிகள் இதனை எதிர்த்து வழக்காடினர். அருணாசல நாடார் வழக்கு என்று அறியப்படும் அவ்வழக்கில் 1958-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பயிரிடுவோர் நியாயமான விலை பெறுவதற்காக விதிக்கப்படும் கட்டுப்பாடுகள் நியாயமானவையே என்று சட்டத்தின் அடிப்படையை அது உறுதிப்படுத்தியது. பின்னர் 1959-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்தில் 1987-ஆம் ஆண்டின் வேளாண் விளைபொருள் விற்பனை முறைப்படுத்துதல் சட்டமும் வந்தன. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களும், அவற்றை நடத்தும் விற்பனைக்குழுக்களும் இதன் கீழ் அமைந்தவை. வேலூரில் அத்தகைய விற்பனைக்குழு உண்டு.

இங்கே அங்கத்தினர்கள் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று. விற்பனைக்கூடத்தில் சந்தைக் கட்டணத்தைச் செலுத்த வேண்டியவர் வாங்குபவரே. நூற்றுக்கு ஒரு ரூபாய் என்பது தமிழ்நாட்டில் வழங்கிவரும் விகிதம். ஓர் உழவர் 50,000 ரூபாய்க்கு நிலக்கடலை விற்றால், வியாபாரி தம் கையிலிருந்து 500 ரூபாய் கட்டுகிறார். உழவர் 50,000 ரூபாயையும் முழுமையாகப் பெற வேண்டும். விற்றவர் கணக்கில் இத்தொகை கழிக்கப்படுமானால் அது முறைகேடு. சீட்டைக் காட்டிக் கேட்கலாம்.

அப்பணம் எங்கே செலவாக வேண்டும்? பஞ்சாப் மாநிலத்தில் சந்தைக் கட்டணத்தை நூற்றுக்கு 2 ரூபாயிலிருந்து 3 ரூபாயாக உயர்த்தியபோது எழுந்த கேவல் கிருஷ்ண பூரி வழக்கில், 1979-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறிற்று. வசூலான தொகையில் பெரும் பகுதி சந்தையில் வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் உரிய வசதிகளுக்கே செலவாக வேண்டும் என்று கூறி அவ்வுயர்வை ஏற்க மறுத்தது. பிற்காலத்தில் இவ்விதியின் கடுமை ஓரளவு தளர்ந்தது என்பது உண்மை. எனினும் களம், கிடங்கு, சரியான தராசு, குடிநீர், இரவில் தங்க இடம் ஆகியவற்றைச் சந்தைக் கட்டணத்தின் பெயரால் கேட்கும் உரிமை போய்விடவில்லை.

3. உழவர் சந்தை

காய்கறி விளைவிப்போருக்கு விற்பனைக்கூடம் அவ்வளவாகப் பயன்படுவதில்லை. காலையில் பறித்தது மாலைக்குள் விற்றாக வேண்டும். பஞ்சாபிலும் அரியானாவிலும் 1987-ஆம் ஆண்டில் ‘அப்னி மண்டி’ என்ற பெயரிலும், ஆந்திரத்தில் 1999-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘ரைத்து பஜார்’ என்ற பெயரிலும் உழவரே நேரில் விற்கும் சந்தைகள் ஏற்பட்டன. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ஆம் தேதி மதுரையில் முதலமைச்சர் மு. கருணாநிதியால் திறக்கப்பட்டது. அடுத்த சிறிது காலத்துக்குள் அவற்றின் எண்ணிக்கை 100 ஆயிற்று. வேலூரிலும் காட்பாடியிலும் இச்சந்தைகள் உண்டு.

இங்கே உழவரிடம் கடை வாடகையோ சுங்கமோ வாங்குவதில்லை. தராசும் இலவசமாகத் தரப்படுகிறது. ஆனால் கட்டணம் இல்லாத இடத்திலும் கட்டுப்பாடு உண்டு. விற்பவர் உண்மையில் பயிரிடுபவர்தாமா என்று நிலத்தைப் பார்த்து அறிந்து அடையாள அட்டை வழங்குகின்றனர். மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக அன்றன்றைய விலை குறிக்கப்பட்டுப் பலகையில் எழுதப்படுகிறது. இந்த அடையாள அட்டையே இச்சந்தைக்கு உயிர். வியாபாரி ஒருவர் உழவர் பெயரில் அட்டை பெற்று உள்ளே அமர்வாரானால், உண்மையான உழவர் வெளியே வெயிலில் நிற்க நேரும். எனவே நம் அங்கத்தினர் எவரும் தம் அட்டையைப் பிறருக்கு இரவல் தருதல் ஆகாது.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றியும் சிலர் அஞ்சுகின்றனர். 2006-ஆம் ஆண்டின் அச்சட்டம் தன் 18-ஆவது பிரிவில், உழவரையும் அவர் நிலத்தில் விளையும் பொருளையும் விலக்கி வைத்திருக்கிறது. கத்தரிக்காயைக் கத்தரிக்காயாகவே விற்பவருக்கு அச்சட்டத்தின் லைசென்சு தேவையில்லை. அதே கத்தரிக்காயை ஊறுகாயாக்கிப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினால், பதிவோ லைசென்சோ பெறவேண்டும்.

4. கொழுப்பு உருக்கும் தொழில்

இனி மூன்றாம் வகையான காவற் கட்டணத்துக்கு வருவோம். நம் ஜில்லாக்களில் இதற்குச் சிறந்த உதாரணம் விலங்குக் கழிவைக் காய்ச்சும் தொழில்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் தோல் பதனிடுகையில், தோலின் உட்புறத்திலிருந்து சதையும் சவ்வும் கொழுப்பும் சுரண்டி எடுக்கப்படுகின்றன. இவை வீணான பொருள்கள் அல்ல. கொழுப்பை உருக்கி எடுத்தால் சோப்புக்கு ஆகும். மில்களில் பாவுக்குப் பசையிடும்போதும் விலங்குக் கொழுப்பைச் சேர்ப்பது பழைய வழக்கம். சவ்வையும் தோல் துண்டுகளையும் காய்ச்சினால் தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரம் கிடைக்கும். எஞ்சிய கழிவைச் செரிக்கச் செய்து எரிவாயு எடுக்கும் முயற்சியும் மேல்விஷாரத்தில் நடந்ததுண்டு.

முறை எளியது. கழிவைத் துண்டாக்கி, நீரிலோ நீராவி உறையிட்ட கொப்பரையிலோ காய்ச்சினால் கொழுப்பு மேலே மிதக்கும். அதை வடித்தெடுத்து, எஞ்சிய சக்கையைப் பிழிந்து உலர்த்துவர். சுண்ணாம்பு ஏற்றிய தோலிலிருந்து எடுத்த சதையில் சுண்ணாம்பும் சல்பைடும் கலந்திருக்கும். அதை நன்கு கழுவி, அமிலமிட்டுச் சுண்ணாம்பின் காரத்தை நீக்கிய பின்னரே காய்ச்ச வேண்டும். தீங்கு இங்கேதான் தொடங்குகிறது. கழுவிய நீரை வாய்க்காலில் விட்டால் வாய்க்கால் கெடும். வந்த சரக்கை அன்றே காய்ச்சாமல் குவித்து வைத்தால் அழுகி, அதன் நாற்றம் சுற்றிலும் பரவி, ஈ மொய்க்கும்.

இன்னொரு தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. உருக்கிய கொழுப்பு உணவில் கலந்துவிடலாம். 1983-ஆம் ஆண்டில் வனஸ்பதியில் மாட்டுக்கொழுப்புக் கலந்த செய்தி வெளியாகி நாடே கொந்தளித்தது. இங்கிலாந்திலோ, காய்ச்சிய விலங்குக் கழிவின் மாவை மாடுகளுக்கே தீனியாகக் கொடுத்ததனால் மாட்டு மூளை நோய் பரவிற்று. அந்நோய் 1986-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. 1988-ஆம் ஆண்டில் அத்தீனி தடுக்கப்பட்டது. ஒரு கொப்பரையில் நடப்பதைப் பிறர் கவனிக்க வேண்டியதன் காரணம் இவற்றால் விளங்கும்.

5. யாரிடம் அனுமதி பெறவேண்டும்?

முதலாவது, உள்ளாட்சி மன்றம். 1920-ஆம் ஆண்டின் ஜில்லா முனிசிபாலிட்டிகள் சட்டம், அபாயகரமான தொழில்களையும் அருவருக்கத்தக்க தொழில்களையும் பட்டியலிட்டு, லைசென்சு இன்றி அவற்றை நடத்தலாகாது என்று விதித்தது. அச்சட்டத்தின் இடத்தில், நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளுக்கான 1998-ஆம் ஆண்டுச் சட்டம் 2023-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. கிராமங்களுக்கு 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் உண்டு.

இரண்டாவது, 1982-ஆம் ஆண்டில் அமைந்த தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டமும் இதற்கு அதிகாரம் தருகின்றன. தொழிலை நிறுவுவதற்கு ஓர் இசைவாணையும், நடத்துவதற்கு மற்றோர் இசைவாணையும் பெறவேண்டும். 2016-ஆம் ஆண்டில் மத்திய வாரியம் செய்த வகைப்பாட்டில், தோல் பதனிடுதல், வச்சிரம் காய்ச்சுதல், எலும்பு அரைத்தல், நூலுக்குச் சாயமிடுதல் ஆகியன மிகுதியாக மாசுபடுத்தும் சிவப்பு வகையில் வைக்கப்பட்டன. சாயமும் சலவையும் இல்லாத கைத்தறி நெசவோ வெண்மை வகையில் வைக்கப்பட்டது. தறி மட்டும் வைத்திருப்பவருக்கும் சாயப்பட்டறை வைத்திருப்பவருக்கும் உள்ள வேற்றுமையை நெசவாள அங்கத்தினர்கள் இதிலிருந்து அறியலாம்.

இவ்விசைவுக்குச் செலுத்தும் கட்டணம் தொழில் நடத்துபவருக்குச் சேவை செய்வதற்காக மட்டும் அன்று. பக்கத்து வயலும் கிணறும் கெடாமல் காப்பதற்குரியது அது. ஆகவே, கட்டணம் கட்டியவர் கேட்காவிட்டாலும், அதன் பயனைக் கேட்க வேண்டியவர் அண்டை அயலார். சட்டமும் அவர்களுக்கு வழி வைத்திருக்கிறது. நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின்படி, இசைவாணையில் விதித்த நிபந்தனைகளை வாரியம் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். கழிவுநீரால் பாதிக்கப்படுபவரோ, அவர் அதிகாரம் அளித்த வேறொருவரோ அதனைத் தக்க நேரத்தில் பார்வையிடலாம். அங்கத்தினர் எழுதிக் கொடுத்தால் சங்கத்தின் காரியதரிசியே சென்று பார்க்கலாம் என்பது இதன் பொருள்.

6. பாலாறு கற்பித்த பாடம்

இந்தக் கேள்வியை உரிய காலத்தில் யாரும் உரக்கக் கேட்காததன் விளைவை நம் மண்ணிலேயே காண்கிறோம்.

முன்னாளில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிடுதலே இங்கு பெருவழக்கு. 1970-களில், பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் குறைத்து முழுமை செய்த தோலை அனுப்ப வேண்டுமென்ற கொள்கை வந்தது. அதன்பின் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை பெருகிற்று. தோல் கெடாதிருக்க இடும் உப்பும் கழிவுநீரில் கலந்தது. சாதாரணச் சுத்திகரிப்பால் கரைந்த உப்பு நீங்குவதில்லை. அது நிலத்தில் இறங்கிக் கிணற்றுக்குள் சென்றது.

1989-ஆம் ஆண்டில் மாநில அரசாங்கம், பாலாறு முதலிய ஆறுகளிலிருந்து 1 கிலோமீட்டர் தொலைவுக்குள் மிகுதியாக மாசுபடுத்தும் புதிய தொழில்கள் கூடாதென ஆணையிட்டது. ஆனால் இருந்தவை இருந்தபடியே நடந்தன. 1991-ஆம் ஆண்டில் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாமற்போனதாக ஓர் ஆய்வு கூறியதைத் தீர்ப்பு எடுத்துக் காட்டிற்று. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் பிழைப்பும் தருவதை ஒப்புக்கொண்டு, அதன் பொருட்டு நீரையும் நிலத்தையும் அழிக்கும் உரிமை அதற்கு இல்லை என்றது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாடு இத்தீர்ப்பினால் இந்நாட்டுச் சட்டத்தில் உறுதிபெற்றது. ஒவ்வொரு தோல் சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

பின்னர் அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001 மார்ச்சு 7-ஆம் தேதி தன் முடிவை அளித்தது. வேலூர் ஜில்லாவில் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்பது அம்முடிவு. வகுத்துப் பாருங்கள்: ஆளுக்குச் சராசரியாக 9,200 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. கிணறு கெட்ட உழவர் அத்தொகையைக் கொண்டு மற்றொரு கிணறு தோண்ட இயலாது. தோண்டினாலும் அதே நீர்தான் ஊறும். 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பளித்து, 2001-ஆம் ஆண்டிலும் 2009-ஆம் ஆண்டிலும் குறித்த இழப்பீடு இன்னும் சேராதவர்களுக்கு அரசாங்கம் அதைக் கொடுத்து, மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டுமென ஆணையிட்டது. வழக்குத் தொடங்கியது 1991-இல் என்பதை மறவாதீர்கள். அன்று இளைஞராயிருந்தவர் இன்று முதியவர்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டபின்னும் கவனம் தளரலாகாது. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் அத்தகைய நிலையம் ஒன்றின் சேற்றுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர் மாண்டனர். நிலையம் கட்டப்பட்டிருந்தது, அதைப் பார்த்துக்கொள்ளும் கண்தான் தவறிவிட்டது.

இதனால் நாம் அறிவது யாதெனில், காவற்காரர் உறங்கினால் மாட்டுக்காரருக்கு அன்றைக்கு நஷ்டமில்லை, பயிர்க்காரருக்கே நஷ்டம். அந்நஷ்டத்தின் கணக்கு முப்பது ஆண்டுக்குப் பின்னும் தீர்வதில்லை.

7. சங்கங்கள் செய்ய வேண்டுவன

ஒன்று: அங்கத்தினர் செலுத்தும் ஒவ்வொரு கட்டணத்துக்கும் ரசீது பெற்று, சங்கத்தில் ஒரு புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். வரி, சேவைக் கட்டணம், கட்டுப்பாட்டுக் கட்டணம் என்று மூன்று பத்திகள் போதும்.

இரண்டு: விற்பனைக்கூடத்தில் உழவர் கணக்கில் பிடித்தம் நடந்தால், தனியாகச் சண்டையிடாமல் சங்கத்தின் வழியாக விற்பனைக்குழுவுக்கு எழுத வேண்டும்.

மூன்று: ஊருக்கு அருகே கொழுப்பு உருக்கும் பட்டறையோ சாயப்பட்டறையோ இருப்பின் அதன் இசைவாணை நிபந்தனைகளைப் பார்வையிட வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமும் இதற்கு உதவும். ஆண்டுக்கு இருமுறை நம் கிணற்று நீரைப் பரிசோதித்து முடிவைப் பாதுகாத்து வைக்க வேண்டும். பிற்காலத்தில் இழப்பைக் காட்ட அதுவே சாட்சி.

நான்கு: இத்தொழில்களைச் சங்கமே நடத்துமானால், மற்றவரிடம் எதிர்பார்ப்பதை முதலில் நாம் செய்ய வேண்டும். சரக்கை அன்றன்றே காய்ச்சுதல், கழுவிய நீரைச் சுத்தி செய்தல், உருக்கிய கொழுப்பு யாருக்கு எவ்வளவு விற்கப்பட்டது என்று எழுதுதல் ஆகிய மூன்றும் தவறலாகாது. லைசென்சு கையில் இருக்கிறது என்பது அயலாருக்கு நாம் சொல்லும் பதிலாகாது.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. வரி, சேவைக் கட்டணம், கட்டுப்பாட்டுக் கட்டணம் இம்மூன்றுக்கும் உங்கள் ஊரிலிருந்தே ஒவ்வோர் உதாரணம் கூறுக.

2. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் 80,000 ரூபாய்க்குச் சரக்கு விற்றால், நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் சந்தைக் கட்டணம் எவ்வளவு? அதைச் செலுத்த வேண்டியவர் யார்?

3. உழவர் சந்தை அட்டையை இரவல் கொடுப்பதனால் யாருக்கு நஷ்டம்?

4. உங்கள் ஊரில் உள்ள கிணறுகளில் எத்தனை கிணற்று நீர் 30 ஆண்டுகளுக்கு முன் குடிக்க உதவிற்று? இன்று எத்தனை? முதியோரைக் கேட்டு எழுதி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வருக.